வளர்த்து விடுத்தல்

மலாய் மொழியில் 'ஓராங்' என்பது மனிதனையும், 'ஊத்தான்' என்பது காட்டையும் குறிக்கும். போர்னியோ, சுமத்ரா ஆகிய தீவுகளின் மழைக்காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்கிற்கு 'ஓராங் ஊத்தான்' என்பது பெயர். காட்டு மனிதன் என்பது அதன் பொருளாம். செந்நிற மயிரும் நீண்ட கைகளும் அமைதி தேங்கிய கண்களும் உடைய அவ்வுயிரைக் கண்டோர், அப்பெயர் மிகவும் பொருத்தமே என்பர்.

மரத்தில் வாழும் விலங்குகளுள் உருவிற் பெரியது இதுவே. தாய் ஒரு மகவை ஈன்றபின் அடுத்ததை ஈன ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலமும் மகவு அன்னையின் அருகிலேயே வளரும். எக்கனி எப்பருவத்தில் பழுக்கும், எவ்விலை உண்ணத்தக்கது, எக்கிளை தன் சுமையைத் தாங்கும், இரவில் உறங்கக் கிளைகளை வளைத்துப் படுக்கை அமைப்பது எங்ஙனம் என்பனவற்றை எல்லாம் தாயைப் பார்த்தே அது கற்கும். அன்னையே அதற்கு ஆசிரியர். அடவியே அதற்குப் பள்ளி.

அந்த அன்னையை மனிதன் பிரித்துவிடுகிறான். எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிகின்றன. 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் மூண்ட பெருந்தீயும் போர்னியோவின் காடுகளைச் சுட்டெரித்தது. இரை தேடித் தோட்டத்துட் புகும் தாய் கொல்லப்படுகிறது. அதன் மார்பைப் பற்றியிருந்த மகவு, விலைக்கு விற்கப்பட்டுக் கூண்டில் அடைபடுகிறது.

இத்தகைய அநாதைக் குட்டிகளைக் காத்துக் காட்டு வாழ்வுக்குப் பழக்கும் பணியைச் சரவாக்கில் முன்னின்று தொடங்கியவருள் பார்பரா ஹாரிசன் என்னும் அம்மையார் ஒருவர். மலேசியாவின் சபா மாநிலத்தில் 1964-ஆம் ஆண்டு செபிலோக் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. இந்தோனேசியாவின் நடுக் கலிமந்தானில் 1999-ஆம் ஆண்டு நியாரு மெந்தெங் நிலையம் நிறுவப்பெற்றது.

இந்நிலையங்களுக்கு வரும் குட்டிக்கு முதலில் வேண்டுவது அன்பு. நியாரு மெந்தெங்கில் அவ்வூர்ப் பெண்கள் அதனை இடுப்பில் சுமந்து, புட்டியில் பால் ஊட்டி, அஞ்சி அழும்போது அணைத்துத் தேற்றுகின்றனர். சற்றே வளர்ந்ததும் நாள்தோறும் காட்டிற்கு அழைத்துச் சென்று மரமேறப் பழக்குகின்றனர். தழைகளை மடக்கிப் படுக்கை செய்யக் காட்டுகின்றனர். பாம்பினை அஞ்சி விலகவும் கற்பிக்கின்றனர்.

ஆயினும், இப்பணியில் அரியது அணைத்தல் அன்று. அணைத்த கையை விலக்கிக் கொள்ளுதலே. மனிதனைக் கண்டதும் ஓடிவரும் குட்டி காட்டில் நெடுநாள் பிழையாது. இன்று எதிர்ப்படுபவன் கையில் பழம் இருக்கலாம். நாளை எதிர்ப்படுபவன் கையில் துப்பாக்கி இருக்கலாம். மனிதரிடமிருந்து சளியும் காசநோயும் அவற்றைப் பற்றும் அச்சமும் உண்டு. ஆதலின், குட்டி வளர வளரப் பழகுவோர் நெருக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். செபிலோக்கில் காட்டினுள் அமைந்த மேடையில் உணவு வைப்பர். ஆனால் நாளும் பெரும்பாலும் ஒரே வகையான உணவையே வைப்பர். அது சலித்தால்தான் காட்டின் பல்சுவைக் கனிகளை அவை தாமே நாடும்!

எல்லாக் குட்டிகளும் காடு திரும்புவதில்லை. நெடுங்காலம் கூண்டில் கிடந்து தளர்ந்தனவும், தீரா நோய் உற்றனவும் நிலையத்திலேயே தங்கிவிடுகின்றன. தேர்ந்தவற்றை 2012-ஆம் ஆண்டு முதல் புக்கிட் பாத்திகாப் என்னும் தொலைவான காட்டிற்குக் கொண்டு சென்று விடுத்துள்ளனர். பெட்டியின் கதவு திறந்ததும் அவை மரமேறித் தழைகளுள் மறைகின்றன. மார்பில் சுமந்து வளர்த்தவரை அவை திரும்பிப் பாராமற் செல்வதே அவ்வளர்ப்புக்குரிய பயன் ஆகும்.

எனினும், இத்தனை ஆண்டு உழைப்பும் பயன்பெற வேண்டுமாயின், திரும்பிச் செல்லக் காடு இருத்தல் வேண்டும். காட்டைக் காவாது குட்டியை மட்டும் காத்தல், வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் வார்ப்பதை ஒக்கும்.