ஏழாம் வகுப்புக்கு யார் போகிறீர்கள்?

எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரைப் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்விக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு பெருநாள்கள் உண்டு. முதலாவது புதுநன்மை. வெள்ளை உடை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அடுத்தது உறுதிபூசுதல். அதற்கு ஆயரே வருவார். புதுநன்மை நான்காம், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். உறுதிபூசுதலுக்கு அதற்குப் பிறகு சில வருடம் காத்திருக்க வேண்டும். நடுவில் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகள் கிடக்கின்றன. அந்த மூன்று வருடத்துக்குப் பெருநாளும் இல்லை, புது உடையும் இல்லை. வீட்டில் யாரும் உட்காரவைத்து ஜெபம் சொல்லிக் கேட்பதும் இல்லை.

வள்ளம் கவிழ்கிற இடம் ஆழ்கடல் அல்ல, கரையை ஒட்டி அலை உடைகிற இடம் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மறைக்கல்வியில் அலை உடைகிற இடம் இந்த மூன்று வருடம்தான்.

இந்த வயதுப் பிள்ளைகளோடு என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் பல வருடமாகக் கழிகின்றன. முதல் பூசை முடிந்ததும் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் முன்வரிசைக்கு முண்டியடித்த பையன்கள் ஏழாம் வகுப்பில் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சத்தமாக ஜெபம் சொல்ல எல்லோருக்கும் வெட்கம் வந்துவிடும். பிறகு ஒவ்வொருவராக வருகை குறையும். ட்யூஷன், கிரிக்கெட், கைப்பேசி என்று பெரியவர்கள் காரணம் சொல்கிறார்கள். அவையும் உண்மைதான். ஆனால் நான் கண்ட முதல் காரணம் வேறு. பிள்ளைகளின் கேள்வி மாறிவிட்டது. நாமோ புதுநன்மை வகுப்பின் பதிலையே இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கடற்கரையில் விசுவாசம் வேர்பிடித்ததே மனப்பாடத்தில்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களின் உதவியோடு விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு மறைக்கல்விச் சிறுநூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறிய நூலும் அதுவே. அடுத்த வருடம் கொச்சியில் அவர் வெளியிட்ட ‘கிரிசித்தியானி வணக்கம்’ வினா விடையாக அமைந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன ராத்திரியில் யாரும் புத்தகம் தேட முடியாது. எட்டு வயதில் நெஞ்சில் இறங்கியதுதான் வாய்க்கு வரும். அதனால் மனப்பாடத்தை நான் ஒருநாளும் கேலி பேச மாட்டேன்.

ஆனால் வினா விடையில் கேட்பவர் ஆசிரியர், பதில் சொல்பவர் பிள்ளை. பன்னிரண்டு வயதில் இந்த இடம் மாறிவிடுகிறது. பிள்ளை கேட்க ஆரம்பிக்கிறது. அது குறும்பும் இல்லை, அவிசுவாசமும் இல்லை. இயேசுவின் பிள்ளைப் பருவத்துக்கும் பொதுவாழ்வுக்கும் இடையிலான நீண்ட காலத்தில் நற்செய்தி நமக்குக் காட்டுகிற நிகழ்ச்சி ஒன்றே ஒன்று. லூக்கா இரண்டாம் அதிகாரம். அப்போது இயேசுவுக்கு வயது பன்னிரண்டு. எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறார். மற்ற வருடங்களைப் பற்றி மௌனமாக இருக்கும் நற்செய்தி இந்த வயதைத் தேர்ந்தெடுத்துச் சொல்வது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பகுதியை வாசிக்கும்போது வகுப்பே கலகலப்பாகிவிடும். மூன்று நாள் தேடி அலைந்த மாதா, ஏன் இப்படிச் செய்தாய் என்று மகனிடம் கேட்கிற இடம் வந்ததும், “அப்போ இயேசுவையும் அவுங்க அம்மா ஏசுவாங்களா டீச்சர்?” என்று யாராவது ஒரு பையன் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பான். இயேசு பெற்றோரோடு நாசரேத்துக்குத் திரும்பிப்போய் அவர்களுக்குப் பணிந்து நடந்தார் என்பதையும் அன்றைக்கே சேர்த்து வாசித்துவிடுவேன். கேள்வி கேட்பதும் பணிவும் ஒரே பையனிடம் இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அவர்கள் கேட்பவை சின்னக் கேள்விகள் அல்ல. “சயின்ஸ் சார் உலகம் தோன்றி எத்தனையோ கோடி வருஷம்னு சொல்றாரு, பைபிள்ல ஆறு நாளுன்னு இருக்கு, யாரு சொல்றது உண்மை?” இதற்கு மழுப்பினால் அந்தப் பிள்ளை ஒன்றில் பள்ளிக்கூடத்தைப் பொய் என்று நினைக்கும், இல்லையென்றால் கோவிலைப் பொய் என்று நினைக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். தொடக்கநூலின் நாள்களை நம் கடிகார நாள்களாக எடுக்க வேண்டியதில்லை என்று புனித அகுஸ்தீனார் 1,600 வருடத்துக்கு முன்பே எழுதினார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் கட்டுரை எழுதி, பிறகு பெருவெடிப்புக் கொள்கை என்று உலகம் அழைத்த கருத்துக்கு அடிபோட்ட ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. பட்டாணிச் செடியை வைத்து மரபுப் பண்புகளின் விதிகளைக் கண்டறிந்த மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. அவர் பாத்தி கட்டி ஆராய்ந்தது தன் துறவு மடத்துத் தோட்டத்தில். உலகம் எப்படி வந்தது என்று அறிவியல் தேடட்டும், அது யாருடையது, எதற்காக என்பதைத் தொடக்கநூல் சொல்கிறது என்று நான் விளக்குகிறேன். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்துக்கொள்ளாமல் திணறுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

இன்னொரு கேள்வி ஒரு பெண்பிள்ளை கேட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய உயிர்த்தோழி இந்துப் பிள்ளை. “அவ மோட்சத்துக்கு வரமாட்டாளா டீச்சர்?” கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி நடப்பவர்கள் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஏட்டில் சொல்லியிருக்கிறது. மற்ற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருப்பதைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் மீண்டும் சொன்னது. இது நம் திருச்சபையின் அதிகாரபூர்வமான போதனை. எத்தனை பங்குகளில் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் காது வரை இது போய்ச்சேர்ந்திருக்கிறது? தோழியை நேசித்துக்கொண்டே கிறிஸ்துவையும் நேசிக்கலாம் என்று தெரிந்தபோது அந்தப் பிள்ளையின் முகம் தெளிந்தது. அவள் விசுவாசத்தில் கொஞ்சமும் குறைந்துபோகவில்லை.

எல்லாக் கேள்விக்கும் இப்படிப் பதில் இருந்துவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்காக எங்கள் கரையெங்கும் கோவில்களில் ராத்திரி பகலாக ஜெபமாலை ஓடியது. சிலர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் பல. அன்றைக்குக் கைக்குழந்தையாகவும் பாலர் பள்ளியிலும் இருந்த பிள்ளைகள் வளர்ந்து என் வகுப்புக்கு வந்தார்கள். ஜெபத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவர்களில் ஒரு பையன் எழுந்து நின்றான். “எங்க அம்ம அன்னைக்கு முழங்கால்ல நின்னே ஜெபிச்சாவ. அப்பா வரல்ல. பக்கத்து வீட்டு மாமா வந்தாரு. அவுங்க ஜெபம் மட்டும் எப்படிக் கேட்டுச்சு?”

அவனிடம், “எனக்குத் தெரியாது மக்களே” என்றேன். அதுதான் உண்மை. கடவுளுக்கு உன் அப்பாவை ரொம்பப் பிடித்ததால் எடுத்துக்கொண்டார், இது ஒரு சோதனை, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லச் சிலருக்கு வாய் துடிக்கும். தயவுசெய்து சொல்லாதீர்கள். யோபு நூலைக் கடைசி வரை வாசித்தவர்கள் அதைச் சொல்லத் துணிய மாட்டார்கள். யோபுவின் நண்பர்கள் கடவுளுக்கு வக்காலத்து வாங்கி அழகழகான விளக்கங்கள் கொடுத்தார்கள். யோபு கதறினார், கடவுளிடமே வழக்காடினார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களை. சரியாகப் பேசியவன் என் ஊழியன் யோபு என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்றைக்கு மீதி நேரம் யோபுவோடு போயிற்று. யோபுவின் கதை எங்கள் மாவட்டத்துக்கு அந்நியம் அல்ல. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படையில் தளபதியான டி லனாய், சொத்து இழப்பால் நொந்துபோயிருந்த நட்டாலம் நீலகண்டபிள்ளைக்குச் சொன்னது யோபுவின் கதையைத்தான். நீலகண்டபிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15இல் புனிதர் ஆனார். துன்பம் ஏன் என்பதற்கு டி லனாய் அவருக்கு விளக்கம் எதுவும் கொடுத்துவிடவில்லை. துன்பத்திலும் கடவுளை விடாமல் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்ட ஒரு மனிதனைக் காட்டினார். அது போதுமானதாக இருந்தது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு கேட்டதும் அப்படியே கிடைத்துவிடவில்லை. சிலுவையில் அவரும் ஏன் என்று கதறினார். அந்தக் கதறலைத் திருச்சபை மறைக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டி வருடம்தோறும் எல்லோருக்கும் கேட்க வாசிக்கிறது.

அந்தப் பையனுக்கு ஆறுதல் கிடைத்ததா என்பதை அவனே சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு வந்தான். நவம்பர் 2ஆம் தேதி இறந்தோர் நினைவு நாளில் வகுப்பையே கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கல்லறை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி ஏற்றினார்கள். கல்லறை உள்ள பிள்ளைகளும் தங்கள் திரிகளில் ஒன்றைக் கொண்டுவந்து அங்கேயே வைத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இறந்தவர்களுக்கும் நமக்கும் உள்ள உறவு அறுந்துபோகவில்லை என்று விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவதை அன்றைக்குக் கரும்பலகையில் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்த வயதுக்குப் பதிலைவிட வேலை முக்கியம் என்பதைச் சவேரியாரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். நோயாளிகள் வீட்டுக்கு வரும்படி அவருக்கு அழைப்பு மேல் அழைப்பு வந்தபோது, எல்லா இடத்துக்கும் போக முடியாமல், ஜெபம் கற்ற பிள்ளைகளைத் தனக்குப் பதிலாக அனுப்பினார். அவர்கள் போய் நோயாளியைச் சுற்றி நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். படித்ததை அன்றன்றைக்கு வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் பிள்ளைகளையே பொறுப்பாக்கினார். இன்றைக்கு நாம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்ன பொறுப்பு கொடுக்கிறோம்? ஆண்டுவிழாவில் நடனம், வினாடி வினாவில் பரிசு. அவை இருக்கட்டும். நடக்க முடியாத ஒரு பாட்டியின் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளை வாராவாரம் அனுப்பிப் பாருங்கள். ஒரு முழுப் பாடப்புத்தகம் செய்யாததை அது செய்யும்.

ஒப்புரவு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வயதில் உடம்பு மாறுகிறது, கைப்பேசியில் கண்டதெல்லாம் வருகிறது, குற்றவுணர்ச்சி பிள்ளையைத் தின்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உடம்பு கடவுள் தந்த நன்மை என்பதை அதற்கு முன்பே சொல்லுங்கள். திருச்சபைக்குள் நடந்த கொடுமைகளைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கேட்டால், அவை பாவம், குற்றம், உனக்கு அப்படி யார் செய்தாலும், எந்த அங்கி போட்டவர் செய்தாலும், உடனே என்னிடமும் உன் வீட்டிலும் சொல் என்று சொல்லுங்கள். திருச்சபையை நேசிக்கிறவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

மறைக்கல்வி ஆண்டு தொடங்கும்போது ஆசிரியர் கூட்டத்தில் வகுப்புகளைப் பிரிப்பார்கள். புதுநன்மை வகுப்புக்கு அனுபவமுள்ளவர்களைப் போடுவார்கள். உறுதிபூசுதல் வகுப்பைப் பங்குத்தந்தையோ அருட்சகோதரியோ எடுத்துக்கொள்வார். ஏழாம் வகுப்பு, அந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் தலையில் விழும். அது அடுத்த வருடம் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடும். இது சரியில்லை. மறைக்கல்வி ஆசிரியப் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகவே 2021 மே 10இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். ஆள் இல்லாத இடத்தை நிரப்புகிற வேலை அல்ல அது.

ஆகவே பங்குத்தந்தையரிடம் என் வேண்டுகோள்: உங்களிடமுள்ள ஆசிரியர்களில் மிகச் சிறந்தவரை ஏழாம் வகுப்புக்கு அனுப்புங்கள், மூன்று வருடம் அதே பிள்ளைகளோடு இருக்கவிடுங்கள். வாசிக்கிறவர்களில் பள்ளிக்கூட ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், கடலுக்குப் போகிறவர் என்று யார் இருந்தாலும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நின்று, அந்த வகுப்பை நான் எடுக்கட்டுமா என்று உங்கள் சாமியாரிடம் கேளுங்கள்.