அண்ணாந்து பார்த்தால் வசந்தம்! சித்திரை வெயிலில் பூக்கும் சென்னை

பங்குனி மாதக் காலை. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, கபாலீசுவரர் கோயில் மாட வீதியை நோக்கி நடப்பவர்களின் மூக்கில் முதலில் ஏறுவது ஃபில்டர் காபி வாசனை. அடுத்து, கூடைகளில் குவிந்திருக்கும் மல்லிகை. அதையும் தாண்டி ஏதோ ஒரு திருப்பத்தில், இன்னதென்று சட்டெனச் சொல்ல முடியாத ஒரு தேன் வாசனை வரும். சுற்றிலும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அண்ணாந்து பார்த்தால் தெரியும். வேப்பமரம் முழுக்கப் பூ!

கோடை என்றாலே பலருக்கும் ஊட்டி, கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். மே மாத மலர்க் கண்காட்சிக்காக மலையேறும் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். அதே நாட்களில், கீழே சமவெளியில், யாரும் டிக்கெட் கொடுக்காத இன்னொரு மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தின் தலைக்கு மேலே, பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால், ரேஷன் கடை வரிசைக்குப் பக்கத்தில். வெயிலுக்குப் பயந்து தலை குனிந்தே நடப்பதால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

பெயரிலேயே வெயில்

குளிர் நாடுகளில் வசந்தம் என்றால் பனி உருகும் காலம். நமக்குக் கதை வேறு. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று நம் முன்னோர் பிரித்தார்கள். வேனில் என்றால் வெப்பம். ஆக, தமிழில் வசந்தத்தின் பெயரே 'இளம் வெயில்'தான். பூவும் வெயிலும் இங்கே எதிரிகள் இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மல்லிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை எகிறும். பங்குனி பிறந்து வெயில் ஏற ஏறச் செடி குலுங்கிப் பூக்கும், விலையும் இறங்கும். கோடையில் ஒரு முழம் வாங்க நினைத்தவர்கள் இரண்டு முழமாக வாங்கிப் போவது இதனால்தான்.

மரங்களுக்கும் வெயிலில் பூப்பதற்குக் காரணம் உண்டு. புரசு போன்ற மரங்கள் வறட்சியைத் தாங்க இலைகளை உதிர்த்துவிடுகின்றன. இலை மறைக்காத கிளையில் பூ இருந்தால், தேன் தேடி வரும் பறவைக்கும் தேனீக்கும் தூரத்திலிருந்தே தெரியும். வேம்பின் கணக்கு இன்னும் துல்லியமானது. பங்குனி, சித்திரையில் பூத்தால் ஆனி, ஆடியில் பழம் பழுக்கும். மைனாவும் வௌவாலும் தின்று கொட்டையைப் போடும் நேரத்தில் மழையும் எட்டிப் பார்க்கும். வேப்பங்கொட்டை நீண்ட நாள் முளைப்புத் திறனோடு இருக்காது. அதனால் மழைக்கு முன்னால் தரையில் விழுந்தாக வேண்டும்.

பங்குனி: ஒரு பேட்டைக்குப் பெயர் கொடுத்த மரம்

சென்னையின் பல பகுதிகளுக்குப் பெயர் வைத்தது மரமும் பூவும்தான். அல்லி பூத்த குளத்தால் திருவல்லிக்கேணி. புரசு மரத்தால் புரசைவாக்கம்.

புடவைக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நெருக்கியடிக்கும் இன்றைய புரசைவாக்கத்தில் அந்த மரத்தை எங்கே தேடுவது? கங்காதீசுவரர் கோயிலுக்குள் போக வேண்டும். அங்கே தல விருட்சம் புரசுதான். மாசி, பங்குனியில் பூக்கும் மரம் இது. மொட்டைக் கிளைகளில் கிளி அலகு போல வளைந்த ஆரஞ்சுச் சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் தீப்பிடித்தது போல இருக்கும். வட இந்தியாவில் இதுதான் பலாச மரம். அங்கே ஹோலிக்குச் சாயம் எடுத்ததும் இந்தப் பூவிலிருந்துதான்.

ஒரு காலத்தில் பேட்டைக்கே பெயர் தரும் அளவுக்கு இருந்த மரம், இன்று அந்தப் பேட்டையின் சாலைகளில் கண்ணில் படுவதில்லை. பெயர்ப் பலகைகளில் இருக்கிறது. பேருந்தின் நெற்றியில் இருக்கிறது. புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்த எத்தனை பிள்ளைகளுக்குப் புரசம்பூவைத் தெரியும்?

வேம்புக்கு அந்தக் கவலை இல்லை. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமே! மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, உதிரும் பூவைச் சேர்த்து, மாடியில் காயவைத்து, டப்பாவில் போட்டுவைக்கும் பாட்டிகள் நகரத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அந்த டப்பா இருக்கும் வீட்டில் வருடம் முழுக்க ரசம் மணக்கும். சமையலறையில் வேலை இருப்பதால்தான் வேப்பம்பூவை நாம் மறக்கவில்லை.

சித்திரை: ஏமாந்த கொன்றை

சித்திரை பிறந்த பிறகு பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிட ஆரம்பிக்கும். சிவபெருமான் சூடும் பூ. கேரளத்தின் மாநில மலர். விஷு அன்று காலை கண் விழித்ததும் காணும் கணியில் இந்தப் பூ இல்லாமல் இருக்காது.

சரக்கொன்றையில் கவனிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அதன் காய். முருங்கைக்காய் போல நீண்டு, கறுத்துத் தொங்கும். முற்றிப் பழுக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொள்வதால், போன வருடத்துக் காயும் இந்த வருடத்துப் பூவும் ஒரே கிளையில் சேர்ந்து தொங்குவதைப் பார்க்கலாம். இரண்டாவது, பூவைச் சுற்றும் பெரிய கருவண்டு. ரீங்காரத்தைக் கேட்டுக் குழந்தைகள் பயப்படுவார்கள். பயம் வேண்டாம், நாம் சீண்டாதவரை அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். அந்த வண்டு வந்தால்தான் கொன்றை காய்க்கும்.

சங்க இலக்கியத்தில் கொன்றை கார்காலத்தின் அடையாளம். 'மழைக்காலத்தில் திரும்பி வருவேன்' என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. கலங்கும் தலைவியிடம் தோழி, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பி மரம் ஏமாந்துவிட்டது என்று சொல்லித் தேற்றுகிறாள். குறுந்தொகையில் வரும் காட்சி இது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தோழியின் பேச்சு இன்று வேறு விதமாக ஒலிக்கிறது. கேரளத்தில் சில ஆண்டுகளில், விஷுவுக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே கொன்றை பூத்து உதிர்ந்துவிடுவதாகச் செய்திகள் வருகின்றன. தோழிக்கு ஒரு மரம்தான் ஏமாந்தது. இப்போது ஏமாறுவது எத்தனை மரங்கள், எவ்வளவு நாள் முன்கூட்டி என்று கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் நாடு முழுவதும் இதைத்தான் செய்கிறது. உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, தளிர், பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று வாரம் ஒரு முறை பார்த்துப் பதிவு செய்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

வைகாசி: கடல் கடந்து வந்த விருந்தாளிகள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் சாலைகள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மாறும். சிவப்பு, மே ஃபிளவர் என்று நாம் செல்லமாக அழைக்கும் குல்மோகர். ஐந்து இதழ்களில் ஒன்றில் மட்டும் வெள்ளைத் தீற்றல் இருக்கும். விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் மகரந்தக் காம்புகளைக் கோத்து இழுத்து, யாருடைய தலை முதலில் அறுகிறது என்று சண்டை விட்டு விளையாடிய தலைமுறை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

மஞ்சள், இயல்வாகை. பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். இதன் பூக்கள் சரமாகத் தொங்காது. கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கொன்றையையும் இதையும் பிரித்தறிய இது சுலபமான அடையாளம். காலையில் இதன் கீழே நிறுத்திய ஸ்கூட்டரை மாலையில் எடுக்கப் போனால் சீட் முழுக்க மஞ்சள் தூவியிருக்கும். படகுக் குழாம் சாலை போன்ற பழைய சாலைகளில் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி மரங்களும் இந்த நாட்களில் இளஞ்சிவப்புப் பஞ்சுப் பூக்களோடு நிற்கும்.

இவர்கள் யாருமே உள்ளூர்க்காரர்கள் இல்லை. குல்மோகரின் பிறந்த வீடு மடகாஸ்கர். இயல்வாகை தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. சிவன் கோயில்களில் நாம் கும்பிடும் நாகலிங்க மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்! வேகமாக வளரும், நிழல் தரும், அழகாகப் பூக்கும் என்று சாலையோரம் நட்டார்கள். அவையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றின.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. மறுநாள் காலை கதவைத் திறந்தவர்களுக்குத் தெருவே தெரியவில்லை; ஆயிரக்கணக்கான மரங்கள் குறுக்கே கிடந்தன. விழுந்தவற்றில் குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் ஏராளம். ஆழம் போகாத வேர், சுலபமாக முறியும் கிளை என்று மரத்தின் மேல் குற்றம் சொன்னோம். அதில் உண்மை உண்டு. ஆனால் வேரைச் சுற்றி சிமென்ட் பூசியது யார்? கேபிளுக்கும் கால்வாய்க்கும் பள்ளம் தோண்டி, ஒரு பக்கத்து வேரை அறுத்தது யார்? ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டு விழுந்தாயே என்று கேட்டால் மரம் என்ன சொல்லும்?

அடுத்த மே மாதம் பல தெருக்களில் சிவப்பு இல்லை. அப்போதுதான் பலருக்கு அங்கே ஒரு மரம் இருந்ததே நினைவுக்கு வந்தது.

ஆனி வரை: திருவொற்றியூர் மகிழம்

மெட்ரோ ரயிலில் ஏறி வடக்கே போனால் திருவொற்றியூர் தேரடி நிலையம். அங்கிருந்து தியாகராஜர் கோயில் பக்கம்தான். இந்தக் கோயிலின் மகிழ மரத்துக்கு ஒரு கதை உண்டு. 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது இந்த மகிழத்தின் கீழேதான் என்கிறது புராணம். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் பார்வை போனது.

மகிழம்பூ கண்ணைக் கவரும் பூ அல்ல. சுண்டு விரல் நகம் அளவுக்கு, சக்கரம் போல, மங்கிய வெள்ளையில் இருக்கும். மரத்தில் தேடினால் இலைக்குள் ஒளிந்திருக்கும். விடியற்காலையில் தரையில் பார்த்தால்தான் தெரியும். ஆனால், கைக்குட்டையில் நாலு பூவை முடிந்து வைத்தால், காய்ந்து சருகான பிறகும் வாசனை போகாது. எப்போதும் பசுமையாக நிற்கும், நம் மண்ணின் மரம். வேம்பு, புங்கை, புன்னை, பூவரசு எல்லாம் இந்த வரிசையில் வருபவை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சமான புன்னை, கடற்காற்றிலேயே வளர்ந்து பழகியது. இவை குல்மோகர் அளவுக்கு வேகமாக வளராது. ஊரே திரும்பிப் பார்க்கும் நிறமும் கிடையாது. இந்த ஊர் மண்ணும் காற்றும் மட்டும் அவற்றுக்குப் பழக்கம்.

அதற்காக நிற்கும் குல்மோகரை வெட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. இருப்பது இருக்கட்டும். விழுந்த இடத்தில் எதை நடுகிறோம் என்பதுதான் கேள்வி. சித்திரையில் புங்கம்பூ பொரி கொட்டியது போலத் தரையை நிறைக்கும் ஒரு தெருவை நம் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம்.

கிளம்பும் முன்...

காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போய் வந்துவிடுங்கள். வெயிலும் ஏறாது, தேன்சிட்டும் மைனாவும் பூக்களில் மும்முரமாக இருக்கும் நேரமும் அதுதான். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். செல்போனில் படம் எடுப்பவர்கள் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் மஞ்சளும் சிவப்பும் வெளிறாமல் வரும். கிளையை வளைத்துப் பறிக்க வேண்டாம். உதிர்ந்ததே வேண்டிய மட்டும் கிடக்கும். மரங்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் மர நடைகளை 'நிழல்' அமைப்பு சென்னையில் நடத்தி வருகிறது. குடும்பத்தோடு போகலாம்.

திரும்பி வந்ததும் உங்கள் வீட்டு வாசல் மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஆணி அடித்த விளம்பரப் பலகை தொங்குகிறதா? அடிமரம் வரை சிமென்ட் இறுகியிருக்கிறதா? மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். பொது இடத்தில் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். யாராவது ரம்பத்தோடு வந்து நின்றால், அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்கும் உரிமை தெருக்காரர்களுக்கு உண்டு.

அப்படியே வீட்டுக் காலண்டரில் ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். 'இன்று வாசல் மரம் பூத்தது' என்று. அடுத்த வருடம் அதே தேதியில் அண்ணாந்து பார்க்க, அது போதும்.