கோணல் தையல்

ஒட்டுப்போர்வை ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணுவோர் உண்டு. கிழிந்ததையும் எஞ்சியதையும் வீசியெறிய மனமில்லாதவர்கள் கண்ட உபாயம் அது என்பது மெய்தான். தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு அது இழுக்காகுமா? ஒருவர் தனித்துத் தைத்தால் அது சிக்கனம்; நால்வர் கூடித் தைத்தால் அது சிநேகம். இதை நாங்கள் கற்றது, மதுரை காஜிமார் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். அதுவும் ஒரு பிழை செய்த பின்னரே.

லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட பொழுது எங்களுடையது. அடுப்படி வேலை ஓய்ந்ததும் பழைய நூல்சேலையை மடித்து விரிப்போம். அதன்மேல் வெட்டுத்துணிகளைப் பொருத்தி, ஓரத்திலிருந்து ஓரம்வரை வரிசை வரிசையாக ஓடுதையல் போடுவோம். மதுரையின் வெக்கைக்குப் பஞ்சு வேண்டியதில்லை. மார்கழிப் பனிக்கு மூன்று அடுக்குச் சேலையே போதும்.

வெட்டுத்துணிக்குக் குறைவிருந்ததில்லை. திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்கள் ஓடிய காலம் அது. இன்று அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. அங்கே தைத்தவர்களில் நம்மவர் பலர். சித்திரைத் திருவிழாவில் அழகருக்காக வேடம் பூணுவோரின் உடைகள் அவர்கள் கைகளில் உருவாயின. அவற்றில் எஞ்சிய சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மூட்டையாக எங்கள் வீடு வந்து சேரும்.

நாங்கள் மூவர் முஸ்லிம் பெண்கள். நான்காமவர், தெற்கு மாசி வீதிப் பக்கமிருந்து நடந்து வரும் சௌராஷ்டிர அம்மையார், எல்லோரிலும் மூத்தவர், எங்களுக்கு அக்கா. சுங்குடிக்கு முடிச்சுக் கட்டுவது அவர் தொழில். துணியைச் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுகச் சுற்றுவார். அப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சிட்ட துணியைச் சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால், சாயம் புகாத இடமெல்லாம் வெண்புள்ளியாகப் பூத்திருக்கும். பின்னாளில், 2005-இல், புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. அதன் துண்டுகளை அக்கா கொண்டுவந்த நாளில்தான் எங்கள் போர்வைக்கு ஒரு களை வந்தது. "புள்ளியை நடுவே வையுங்கம்மா" என்பார். அதைக் கண்டு எங்களில் ஒருத்தி கைலித் துணியின் கட்டங்களைச் சுற்றிலும் பொருத்துவாள். அந்தக் கட்டத்தைக் கண்டு அக்காவுக்கு வேறொன்று தோன்றும். இன்னார் கற்பனை என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலாது.

ஒரு சமயம், எங்களுள் ஒருத்தியின் பேரனுக்கு நாற்பதாம் நாளில் போர்த்த ஒரு போர்வை தைத்தோம். முடியும் தறுவாயில் அக்காவின் தையல் கோணத் தொடங்கியது. நேராக வந்த வரிசை பாதியில் இறங்கி மறுபடி ஏறியது. அவர் வீடு திரும்பியதும் நாங்கள் மூவரும் அந்த வரிசைகளைப் பிரித்து, நேராகத் தைத்துவிட்டோம். மறுநாள் வந்தவர் போர்வையை விரலால் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று எழுந்து போனவர், பிறகு வரவில்லை.

சில வாரங்கள் கழித்தே அவரைத் தேடிச் சென்றோம். கண்களில் புரை முற்றியிருந்ததும், பல மாதங்களாக விரலின் உணர்வாலேயே அவர் முடிச்சிட்டு வந்ததும் அன்றுதான் தெரிந்தன. எங்களுக்கு நா எழவில்லை. "பிரித்தது தப்பில்லையம்மா. என்னிடம் சொல்லியிருந்தால் நானே பிரித்திருப்பேனே" என்றார். அந்தச் சொல் எங்கள் நெஞ்சில் ஊசியாய் இறங்கியது.

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எங்கள் ஊரிலேயே இருந்தது. அக்காவை அங்கே அழைத்துச் சென்றோம். அறுவை முடிந்து பார்வை திரும்பியது.

வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் காவியத்தின் கதையைப் பிற்காலத்தில் கேள்வியுற்றோம். கணவனைப் பிரிந்த ஸாஜு தன் வாழ்வையெல்லாம் ஒரு போர்வையில் தைக்கிறாள். தன் கப்ரின்மீது அதை விரிக்கச் சொல்லிவிட்டுக் கண்மூடுகிறாள். அவளுடைய வரிசைகளை எவரேனும் கோணல் என்று பிரித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணி, நாங்கள் தலைகுனிந்தோம்.

அக்கா திரும்பி வந்த அன்று, நாங்கள் போட்ட நேர்வரிசைகளைப் பிரித்துப் போர்வையை அவர் மடியில் வைத்தோம். கண்ணாடி அணிந்து நிதானமாகத் தைத்தார். பிறகு எங்கள் பழைய வரிசைகளைப் பார்த்துச் சிரித்தார்: "உங்களுடையதும் கோணல்தான். என் கண் நன்றாயிருந்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். பிரிக்கத் தோன்றவில்லை."

அக்கா இன்று இல்லை. அந்தப் பேரன் வளர்ந்து, தகப்பனுமாகிவிட்டான். அவன் பிள்ளை இப்போது அந்தப் போர்வையில் உறங்குகிறது. சுங்குடிப் புள்ளிகள் சற்றே வெளுத்திருக்கின்றன. தையல் இன்னும் விடவில்லை.