கயிற்றின் மறுமுனை

முத்துக்குளிப்பவர் இறங்கும்போது படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவருடைய மைத்துனராக இருப்பார் என்று தூத்துக்குடியில் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டார் என்பது கணக்கு. அரசு நடத்திய முத்துக்குளிப்பு அங்கே 1961-உடன் நின்றுபோயிற்று. பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நிரலில் 'ரெஃபரன்ஸ்' என்பது ஏறத்தாழ அந்தக் கயிறுதான். மறுமுனையில் எவருமில்லாத கயிற்றுக்கு 'நல்' என்று பெயர். (தமிழில் எழுதினால் இத்தனை மங்கலமாகிவிடுவது வேடிக்கை.) 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக இதைப் புகுத்திய டோனி ஹோர், 2009-இல் ஒரு மாநாட்டில் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றார்.

துறைமுகச் சரக்கு முகவர்களுக்கான ஒரு வலைச்சேவையில் இந்தப் பிழையைத் தேடிச் சில வாரங்கள் அலைந்தேன். கப்பல் அணைந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் கன்டெய்னர் கட்டணம் கேட்கும் நாட்களில் மட்டும் வரும். மற்ற நாட்களில் சுவடே இராது. பிழைப் பதிவேட்டில் கிடைத்ததெல்லாம் ஒரு வரி எண். அந்த வரியிலோ 3 புள்ளிகள். எந்தப் புள்ளிக்கு முன்னால் வெறுமை என்று தெரியாது. வரியை மூன்றாக உடைத்தபின் கட்டணப் பட்டியல்தான் என்று தெரிந்தது. ஆனால் அது இருக்கிறதா என்ற சோதனை முந்தைய வரியிலேயே இருந்தது! வேவு பார்க்க மேலும் சில பதிவு வரிகளைச் சேர்த்தால் பிழை மறைந்தது, நீக்கினால் திரும்பியது. நேரம் சார்ந்த விவகாரம் என்று அப்போதுதான் உறைத்தது.

நினைவகத்திலிருந்த பட்டியலை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் இழை புதுப்பிக்கும். பழையதை 'நல்' ஆக்கிவிட்டுத் தரவுத்தளத்திலிருந்து புதியதைக் கொண்டுவரும். இடையே கண்ணிமைக்கும் நேரம். கூட்டமில்லாத நாளில் அந்நேரத்தில் எவரும் வருவதில்லை. கூட்டத்தில், ஓர் இழை 'இருக்கிறது' என்று பார்த்துப் பயன்படுத்துவதற்குள் இன்னோர் இழை அதை வெறுமையாக்கிவிடுகிறது. மைத்துனரைப் பார்த்துவிட்டுத்தான் குதிக்கிறார். நீரைத் தொடுவதற்குள் மைத்துனர் இல்லை.

15 நிமிடத்தை 1 நொடியாகக் குறைத்து, 200 போலிக் கோரிக்கைகளை ஒருசேர ஏவினேன். பிழை கைக்கு வந்தது. எல்லா இடத்திலும் சோதனை போட்டுவிடலாம் என்றார் உடன் பணியாற்றிய நண்பர். எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் சுழியம் என்று ரசீது அச்சாகிவிட்டால் யார் பதில் சொல்வது? புதிய பட்டியலைத் தனியே முழுவதும் தயாரித்து, ஒரே நடையில் பழையதன் இடத்தில் வைக்குமாறு மாற்றினோம். படிக்கும் இழை அதை ஒருமுறை தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். சோதிப்பதும் பயன்படுத்துவதும் அதையே. மாற்றியது சில வரிகள்தாம்.

அடுத்த கப்பல் வந்த நாளில் இரவு வரை பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு பிழைகள் வந்தன. அது வரவில்லை.