காது வைத்த பூ

ஹைதராபாத்துக்குக் குடிவந்த முதல் வருடம். பதுக்கம்மா பண்டிகை நெருங்கியிருந்தது. வீட்டருகே பொட்டலில் மஞ்சள் பூக்களைப் பார்த்ததும் ஊர் நினைவு வந்துவிட்டது. ஆவாரம்பூ! கணவருக்குச் சர்க்கரை நோய். அம்மா செய்வது போல உலர்த்திக் கஷாயம் போடலாமென்று பூவும் காயுமாகப் பை நிறையப் பறித்து வந்தேன்.

எதிர்வீட்டுப் பாட்டி ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். குமட்டியது. “இது தங்கேடு இல்லையம்மா.”

அது பேயாவரை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய செடி. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த மூளை, ஈரல் நோய்க்கு இதன் விதைகளே காரணமாக இருக்கலாமென்று மருத்துவர்கள் 2007-ல் எழுதியதைப் பின்னால் படித்தபோது கை நடுங்கியது.

மறுநாள் பாட்டி பாறைச் சரிவுக்கு அழைத்துப்போய் அசல் ஆவாரையைக் காட்டினார். பேயாவரையில் நாலைந்து ஜோடி கூர்நுனிச் சிற்றிலைகள். ஆவாரையிலோ எட்டுக்கு மேல், நுனி மழுங்கல். காய் காகிதம்போல் தட்டை. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல இரண்டு செதில்கள். செடியின் லத்தீன் பெயரான ‘ஆரிகுலாட்டா’வும் காதைத்தான் குறிக்கிறது.

இன்று அது தெலங்கானாவின் மாநிலப் பூ. மஞ்சளைக் கண்டதும் இப்போதெல்லாம் நான் பறிப்பதில்லை. முதலில் காதைத் தேடுகிறேன்.