சிறிய காரின் எஞ்சினுக்குத் திறன் கூட்டுதல்

எஞ்சினின் திறனைக் கூட்டுவது என்றால், சிலிண்டருக்குள் கூடுதல் காற்றை ஏற்றி, அதற்குத் தக்க எரிபொருளைச் சேர்த்து, சரியான கணத்தில் எரிய வைப்பது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது எளிது. காற்றை ஏற்றுவதுதான் கடினம். அதனால் எந்த மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த எஞ்சினில் காற்று எங்கே தடைபடுகிறது என்பது.

அதற்கும் முன்னால், எஞ்சின் தன் பழைய பலத்தோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “வண்டி இழுக்கவில்லை” என்று பட்டறைக்கு வரும் கார்களில் பல, இழந்ததைத் திரும்பப் பெற்றாலே போதுமானவை. கம்ப்ரஷன் சோதனையில் எல்லாச் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்ட வேண்டும். வால்வ் இடைவெளி, பிளக், இன்ஜெக்டர், நழுவும் கிளட்ச், பிடித்தபடி நிற்கும் பிரேக் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். தேய்ந்த எஞ்சினில் திறன் கூட்டினால் தேய்மானம்தான் வேகமாகும்.

அடுத்தது, கார் ஓடும் சாலை. திறன் என்பது முறுக்குவிசையும் சுழல்வேகமும் சேர்ந்த பெருக்கம். மதுரையில் கோரிப்பாளையம் சிக்னலில் நின்று, தல்லாகுளம் வழியாக அழகர்கோவில் சாலையில் போகும் காருக்கு நிமிடத்துக்கு 1,500 முதல் 3,000 சுற்றுக்குள் இழுவை வேண்டும். 6,000 சுற்றில் கிடைக்கும் உச்சத் திறன் அங்கே பயன்படாது. நான்கு வழிச்சாலையில் முந்திச் செல்பவருக்கு நடுச்சுற்று வலுவாக இருக்க வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கு அடிக்கடி ஏறுபவரின் கணக்கு வேறு. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவுக்குத் தளர்ந்துவிடும்.

டர்போ இல்லாத சிறிய எஞ்சினில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை மாருதியின் 796 சிசி எஞ்சினே காட்டியது. சிலிண்டருக்கு இரண்டு வால்வும் கார்புரேட்டரும் கொண்ட மாருதி 800 சுமார் 37 குதிரைத்திறன் தந்தது. அதே கொள்ளளவு, சிலிண்டருக்கு நான்கு வால்வும் மின்னணு எரிபொருள் தெளிப்பும் பெற்று ஆல்ட்டோவில் வந்தபோது சுமார் 46 ஆனது. ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். ஆனால் அதற்குச் சிலிண்டர் ஹெட்டையே மாற்ற வேண்டியிருந்தது. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மட்டும் மாற்றி அந்த அளவு பெற முடியாது.

திறந்த வகை ஏர் ஃபில்டரை பானெட்டுக்குள் பொருத்துவது மதுரை வெயிலுக்கு ஒவ்வாத வேலை. வெளியே 40 டிகிரி இருக்கும்போது எஞ்சின் அறையின் 60 டிகிரி காற்றை உறிஞ்சினால் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறையும். முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும் கம்பெனிக் குழாயைக் காப்பாற்றுவதே லாபம். ஹெட்டை லேத் பட்டறையில் சீவிக் கம்ப்ரஷனை உயர்த்தினால் எல்லாச் சுற்றிலும் இழுவை கூடும். ஆனால் பெட்ரோலின் ஆக்டேன் போதாமல், கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் வந்தால் பிஸ்டன் பாழாகும். வால்வ்களைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் வேகக் கேம் போட்டால் மேல்சுற்றில் கூடுவது கீழ்ச்சுற்றில் குறையும். நகரச் சாலைக்கு அது நட்டம். கார்புரேட்டர் வண்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஜெட் போதாது, கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும்.

டர்போ டீசலில் நிலைமை வேறு. காற்றழுத்தத்தையும் டீசல் அளவையும் கம்ப்யூட்டரே தீர்மானிப்பதால், அந்தக் கம்ப்யூட்டரின் மேப்பை, அதாவது அளவுக் கணக்கை, மாற்றும் ரீமேப் ஒன்றிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் அதற்கான விலையை மற்ற பாகங்கள் கொடுக்கின்றன. ஸ்விஃப்டின் 1,248 சிசி டீசல் எஞ்சின் 75 குதிரைத்திறனும் 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டரும் தந்தது. அதே எஞ்சின் எஸ்எக்ஸ்4, எர்டிகா கார்களில் 90 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டரும் தந்தது. அதற்காகக் கம்பெனி வடிவம் மாறும் டர்போவைப் பொருத்தியது. திறன் ஐந்தில் ஒரு பங்கு கூடியபோதும் முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர்தான் ஏறியது. மேப்பை மட்டும் மாற்றி கீழ்ச்சுற்றில் முறுக்குவிசையை அதிகம் ஏற்றினால் முதலில் கிளட்ச் நழுவும், பிறகு டர்போ சூடேறும். கரும்புகை வந்தால், காற்றுக்கு மிஞ்சிய டீசல் போகிறது என்று பொருள். அப்படிப்பட்ட மேப்பை ஏற்கக் கூடாது.

எஞ்சினைத் தொடாமலும் வேகம் கூட்டலாம். கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை எடை குறைந்த ஒற்றை இருக்கை வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தய வீரர்கள் தேர்ந்தது அத்தகைய சிறிய எஞ்சின்களில்தான். வீட்டுக் காரிலும் கனமான அலங்காரப் பொருள்களையும் பெரிய அலாய் வீல்களையும் கழற்றினால் கிடைக்கும் சுறுசுறுப்பு, செலவில்லாத திறன்.

கூட்டிய திறனுக்கு ஈடாக பிரேக், டயர், குளிர்விப்பு மூன்றும் பலப்பட வேண்டும். வேகம் இரு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே செலவுக் கணக்கில் பிரேக்குக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்குவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களுக்கு வரம்பு வைக்கிறது. எஞ்சினையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நீக்கிய வண்டி புகைச் சோதனையில் தேறுவது கடினம். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நாளில் இழப்பீட்டையே கேள்விக்குள்ளாக்கும். இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் மாற்றமே அந்த வண்டிக்குப் பொருத்தமான மாற்றம்.