மலையும் நமது தராசும்

ஆரணியில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. நகரில் ஒரு துளியும் விழாத நாளில் கமண்டல நாகநதியில் திடீரெனச் செந்நீர் பெருகி வந்தால், "மலையில பெஞ்சிருக்குது" என்பார்கள். எந்த மலை, அங்கே யார் இருக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. மேற்குத் திசையில் நீலக் கோடாகத் தெரியும் ஜவ்வாது மலையைப் பற்றி நமதூரார் கொண்டுள்ள அறிவு பெரும்பாலும் அவ்வளவே. ஆறு அணியாக அமைந்த ஊர் ஆதலின் ஆரணி என்று பெயர் பெற்றது என்பர். அந்த அணியை அனுப்பித் தருவது அம்மலை. பட்டு நூலைச் சாயத்தில் தோய்த்து அலச நீர் தேடிய முன்னோர் இவ்வாற்றங்கரையை விரும்பியதில் வியப்பில்லை.

நீர் மட்டுமா இறங்கி வருகிறது? புளி வருகிறது; பலா வருகிறது; தேன் வருகிறது; சாமை வருகிறது. கடுக்காயும் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் பெருமக்கள் தோல் தொழிலில் பெயர் பெற்றது, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய காலத்தில். குரோமிய உப்பு வந்த பின்னர் கடுக்காயின் மவுசு குறைந்தது என்றாலும், நம் சமுதாயத்தின் பல பழைய செல்வங்களின் அடித்தளத்தில் மலைவாசி ஒருவன் சுமந்து வந்த கூடை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களுக்கும் அது பங்குபட்டுக் கிடக்கிறது. அங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோ என்று மயங்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்பது அதன் பொருள். பேசுவது தமிழே. முன்னொரு காலத்தில் காஞ்சிப் பகுதியிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ஊர்கள் சேர்ந்தது நாடு. ஊருக்கு ஒரு கவுண்டர், நாட்டுக்கு ஒரு நாட்டார் என்ற கட்டுக்கோப்பு இன்றும் முற்றாக அழிந்துவிடவில்லை.

புளி வாணிபம் செய்யும் நண்பர் ஒருவருடன் அங்குள்ள சிற்றூர் ஒன்றுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஊரின் பெயர் வேண்டாம். அது போன்ற ஊர்கள் அங்கே பல. போளூர் சென்று, அத்திமூர் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஜமுனாமரத்தூர். அது இன்று வட்டத் தலைமையிடம். கடைகளும் அலுவலகங்களும் பள்ளிகளும் உண்டு. கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் வருவோர் கூட்டமும் உண்டு. வந்தவர் பலரும் அத்துடன் மலையைப் பார்த்துவிட்டதாகக் கருதித் திரும்புகின்றனர். நாம் போக வேண்டிய ஊர் அதற்கும் அப்பால். தார்ச்சாலை மண்சாலையாகி, மண்சாலை ஒற்றையடிப் பாதையாகிய இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம்.

முப்பது வீடுகள் இருக்கலாம். சில அரசு கட்டித்தந்த காங்கிரீட் வீடுகள். மற்றவை மண்சுவரும் புற்கூரையும். சாணம் மெழுகிய திண்ணைகளின் தூய்மையைப் பார்த்தபோது செருப்புடன் மிதிக்க மனம் வரவில்லை. மின்சாரம் இருக்கிறது, காற்றடித்தால் போய்விடுகிறது. கைப்பேசி அனேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. பேச வேண்டுமானால் ஊருக்கு மேலுள்ள பாறைக்கு ஏற வேண்டும். 2020-இலும் 2021-இலும் பள்ளிகள் மூடிக்கிடந்து, கைப்பேசி வழியே பாடம் நடந்த மாதங்களில், அந்தப் பாறையே வகுப்பறையாக இருந்ததாம். ஏற முடிந்த பிள்ளைகளுக்கு, அதுவும் வெயிலும் மழையும் இல்லாத நேரத்தில்.

லுஹர் வேளை நெருங்கவே ஒளுச் செய்யத் தண்ணீர் கேட்டோம். மூதாட்டி ஒருவர் குடத்தையே கொண்டுவந்து வைத்தார். சுனை பள்ளத்தில் இருக்கிறது. ஒரு குடம் நீருக்கு இறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும் என்று நண்பர் காதோடு சொன்னார். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை விரயம் செய்யாதே என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஒரு செம்பில் முடித்துக்கொண்டோம். தொழ இடம் கேட்கும் முன்பே அந்த அம்மையார் வீட்டிலிருந்த புதுப்பாயை எடுத்து வந்து விரித்துவிட்டு, ஆடுகள் அப்பக்கம் வராதபடி ஒரு சிறுவனைக் காவலுக்கும் நிறுத்தினார். நாம் தொழுது முடிக்கும் வரை அவ்வூரில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை.

பிறகு சாமைச் சோறு. சாமையைப் பற்றி ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். ஆனி ஆடியில் விதைத்து ஐப்பசி வாக்கில் அறுப்பது. மழை ஏமாற்றினாலும் முற்றாகக் கைவிடாதது. குதிரில் கொட்டி வைத்தால் நெடுநாள் கெடாதது. ஆனால் உமி நீக்குவது பெரும்பாடு. உரலும் உலக்கையும் கொண்டு பெண்கள் நாள்முழுதும் குத்தினால்தான் ஒரு வேளைச் சோறு என்ற நிலையில், நியாயவிலைக் கடை அரிசி வந்தபோது அவர்கள் அதன் பக்கம் சாய்ந்ததைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. இதற்கிடையில் கீழே காலம் மாறிவிட்டது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. நம் இல்லங்களில் சர்க்கரை நோய் கண்ட பெரியவர்களுக்கு நோன்புக் கஞ்சியே சாமையில் காய்ச்சுகிறோம். ஆரணிப் பொன்னியைக் காட்டிலும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்தக் கூடுதல் விலையில் எவ்வளவு மலையேறுகிறது என்று அவ்வூர்ப் பெரியவரிடம் கேட்டோம். அவர் நேரடியாக விடை சொல்லவில்லை.

"எறங்கறதுக்கு எல்லாத்துக்கும் வழி இருக்குது பாய். ஏறி வர்றதுக்குத்தான் ஒண்ணுத்துக்கும் வழி இல்ல" என்றார்.

மலையின் நிலைமைகளைப் பற்றி நாம் படித்த அறிக்கைகள் எவையும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொன்னதில்லை. புளி மூட்டைக்குப் பாதை இருக்கிறது, மருத்துவருக்கு இல்லை. பலாப்பழத்திற்கு வண்டி வருகிறது. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை மூங்கிலில் தூளி கட்டி நான்கு பேர் சுமந்து இறங்க வேண்டியிருக்கிறது. 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. உடலைக் கொண்டுவந்த ஊர்தி சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, பெற்றவள் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தாள். நாடெங்கும் அச்செய்தி பரவியது. அதன்பின் சாலைக்கான பேச்சு எழுந்தது. இம்மலைகளில் சாலை போடுவது எளிதன்று, உண்மைதான். நிலம் காப்புக்காடு, வனத்துறையின் இசைவு வேண்டும், கோப்பு நகர வேண்டும். ஆயினும் சந்தன மரம் இறங்க வேண்டியிருந்த நாளில் அதற்கு வழி கிடைக்காமல் போகவில்லையே!

சந்தனத்தின் கதை தனிக் கதை. ஜவ்வாது மலைச் சந்தனம் ஒரு காலத்தில் புகழ் பெற்றது. திருப்பத்தூரின் அரசுச் சந்தனக் கிடங்கு அதற்குச் சான்று. களவும் பேராசையும் அம்மரங்களைத் தின்று தீர்த்தன. மரம் தீர்ந்தது, மரம் வெட்டத் தெரிந்த கை எஞ்சியது. அந்தக் கைகளைத் தேடித் தரகர்கள் வந்தனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 தமிழ்த் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மாண்டோரில் ஜவ்வாது மலை மக்களும் இருந்தனர். மோதல் என்றார்கள், மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. தரகரின் முன்பணத்தை நம்பிப் போனவர்கள் பிணமாகத் திரும்பினர். தரகர்களை அனுப்பிய பெருந்தனக்காரர்கள் எந்தக் காட்டிலும் கால் வைத்ததில்லை.

முன்பணம் என்ற இந்தச் சொல்லில்தான் நமது பொறுப்பு தொடங்குகிறது. ஆடி ஆவணியில் மலையில் பசி. பழைய சாமை தீர்ந்திருக்கும். புதிய சாமை வயலில் பசுமையாக நிற்கும். பள்ளி திறந்த செலவும் அப்போதுதான். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து பணம் போகிறது. புளிய மரம் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே மரத்தோடு விலை பேசி முடிக்கப்படுகிறது. மாசி பங்குனியில் புளி உலுக்கும் காலத்தில் சந்தை விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் மரத்துக்காரனுக்கு அதில் பங்கில்லை. மூட்டை கட்டும்போது ஈரம், ஓடு, நார் என்று சொல்லிக் கழிவு வேறு. கழிவு எத்தனை கிலோ என்பதைத் தராசு பிடிப்பவரே முடிவு செய்கிறார்.

ஆரணியில் இதைப் படிக்கும் நெசவாளக் குடும்பத்தினர் எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. முதலாளியிடம் தறிக்கு முன்பணம் வாங்கியவர், அது அடையும் வரை வேறு இடத்தில் பாவு வாங்க முடியாது. கூலியில் பேரம் பேசவும் முடியாது. பட்டு நெய்பவர் பட்டு உடுத்துவதில்லை என்பதை நம் தெருக்களில் நடந்தே அறியலாம். குழித்தறியில் கால் இறக்கி அமர்ந்திருப்பவரும் மலைமேல் புளிய மரத்தடியில் நிற்பவரும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டுண்டவர்கள்.

இறங்கி வரும்போது நண்பரிடம் இதைப் பேசினோம். அவர் நல்லவர், தொழுகையாளி, ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். "நான் பணம் கொடுக்காவிட்டால் அவர்கள் ஆவணியில் எதைச் சாப்பிடுவார்கள்? காய்ப்புப் பொய்த்தால் நட்டம் எனக்குத்தானே?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நமது மார்க்கம் இந்த இடத்தில் மௌனமாக இல்லை. கனி பக்குவப்பட்டுத் தெரிவதற்கு முன் மரத்திலுள்ள கனியை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். காய்ப்புப் பொய்த்தால் சகோதரனின் பொருளை எதன் பேரில் எடுத்துக்கொள்வாய் என்ற கருத்து அத்தடையில் அடங்கியிருக்கிறது. அதே வேளையில், ஏழை விவசாயிக்கு முன்கூட்டியே பணம் தேவைப்படும் என்பதையும் ஷரீஅத் அறிந்திருக்கிறது. அதற்காகவே ஸலம் என்னும் முன்பண வாணிபம் அனுமதிக்கப்பட்டது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: பணம் முழுவதும் அப்போதே கொடுக்கப்பட வேண்டும், பொருளின் தரமும் அளவும் நிறையும் தவணையும் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும், இன்ன மரத்தின் காய்ப்பு என்று குறிப்பாக அதைக் கட்டிவிடக் கூடாது. தராசு பிடிப்பவர் விருப்பம்போல் தள்ளும் கழிவுக்கு அதில் இடமில்லை. மத்யன் நகரத்தாரிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் நபி (அலை) அவர்கள் ஏகத்துவத்துடன் சேர்த்து எடுத்துரைத்தது அளவையும் நிறுவையையும் பற்றி. திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்தின் பெயரே அளவில் மோசம் செய்வோரைப் பற்றியது. வணிகச் சமுதாயமான நாம் அதை அடிக்கடி ஓதுகிறோம்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மலையில் பழங்குடி உழவர்களே சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்துச் சாமையைத் தூய்மை செய்து விற்பதைப் பற்றி அவராகவே எடுத்துச் சொன்னார். அவர்களோடு போட்டியிடப் போகிறேனா, வாங்கப் போகிறேனா என்று எண்ணிக்கொண்டிருப்பதாகவும் கூறினார்.

மலையில் நம்பிக்கைக்கு இடமில்லை என்று எண்ண வேண்டாம். ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளிப் பெண், 2023 நவம்பரில் பிள்ளை பெற்ற இரண்டாம் நாளே சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. அம்மலையிலேயே காவலூரில் நாட்டின் பெயர்பெற்ற வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் அங்கே விண்ணை நோக்கி நிற்கிறது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருட்டு வேண்டும் என்பதற்காகவே அறிஞர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தனர். அந்த இருட்டில் மண்ணெண்ணெய் விளக்கேற்றிப் படித்த பிள்ளைகளும் அம்மலையில் இருந்தனர்.

நண்பர் சென்ற வாரம் கடைக்கு வந்திருந்தார். மின்னணுத் தராசு ஒன்று வாங்கியிருக்கிறார். வரும் பங்குனியில் அதை மலைக்கே எடுத்துச் சென்று ஊரார் முன்னிலையில் நிறுப்பதாகவும், கழிவு கிலோக்கணக்கை முன்னதாகவே பேசி எழுதிக் கொடுப்பதாகவும் ஊர்க்கவுண்டருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். மரத்தோடு பேசுவதை விட்டுவிடுவது பற்றி மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. கூட்டு வணிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார். அவர்களுடனும் பேசிப் பார்க்க, இன்ஷா அல்லாஹ், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் கூடுவதாக இருக்கிறோம்.